வீட்டில் செய்த கரோக்கி ட்ராக் கடையில் தொங்குகிறது: என்ன செய்யலாம், என்ன பெயர் போடலாம்?

ஓர்கன் தம்பி (கொக்குவில்):

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

அப்பா இளமையில் இசைக்குழுவில் பாடியவர். இப்போது முழங்கால் வருத்தம், வெளியே போவது குறைவு. பின்னேரங்களில் பாடட்டும் என்று இரண்டு வருடமாக அவருக்குக் கரோக்கி ட்ராக் செய்து வருகிறேன். மொத்தம் 34. அதில் 11 நானே ஓர்கனில் வாசித்து, நண்பன் ஒருவனின் மிருதங்கத்தையும் சேர்த்துப் பதிந்தவை. மீதி 23 கணினியில் பாடகரின் குரலை உருவி எடுத்தவை. பாட்டு வரிகளும் திரையில் ஓடும். ஃபைல்களுக்கு 'அப்பா 01', 'அப்பா 02' என்றுதான் பெயர். வீட்டுச் சாமான்தானே என்று விட்டுவிட்டேன்.

தை மாதம் அயலில் ஒரு சாமத்திய வீடு. அப்பாவைப் பாடச் சொல்லிக் கேட்டார்கள், பென்ட்ரைவோடு போனோம். சவுண்ட் போட்ட பொடியன் "அண்ணை, ஒருக்கா கொப்பி எடுக்கட்டா?" என்றான். நானும் பெருமையில் தலையாட்டினேன். போன கிழமை ரவுணில் ஒரு கடையில் 'ஒரிஜினல் கரோக்கி சூப்பர் ஹிட்ஸ்' என்று ஒரு பென்ட்ரைவ் 1500 ரூபாவுக்குத் தொங்குகிறது. மட்டையில் பெரிய பாடகர் ஒருவரின் படம். வாங்கி வந்து போட்டுப் பார்த்தால் என்னுடைய 34-ம் அதற்குள். ஒன்பதாவது ட்ராக்கில் மிருதங்கத்தைப் பதியும்போது எங்கள் நாய் இரண்டு தரம் குரைத்தது. அதுவும் விலைக்குப் போயிருக்கிறது.

கடைக்காரரை ஏதாவது செய்யலாமா? நானே யூரியூப்பில் போட்டு 'இது என்னுடையது' என்று காட்டலாமா? அப்படிப் போட்டால் யார் யாருடைய பெயரைப் போடவேண்டும்?

கசெற் காலத்து ஆள் (நல்லூர்):

தம்பி, கோபிக்காதையும், எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. கள்ளனுக்குத் தேள் கொட்டின கதை இது. கத்தவும் ஏலாது, கத்தாமல் இருக்கவும் ஏலாது.

எண்பதுகளில் ரவுணில் ரெக்கோர்டிங் கடைகளுக்கு ஓர் ஒற்றையில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுப்போம். இரண்டு நாளில் அறுபது நிமிடக் கசெற்றில் பதிந்து தருவார்கள், கடைசிப் பாட்டு பாதியில் அறுந்து நிற்கும். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்ட ஆட்கள் நாங்கள். சுற்றுகிறவன் களைத்தால் பாடகரும் களைப்பார். அந்த நேரம் யாராவது வந்து பதிப்புரிமை என்று கதைத்திருந்தால், 'முதலில் கொஞ்சம் சுற்றும்' என்று பெடலை அவர் கையில் கொடுத்திருப்போம்.

பெயர் போடுவதைப் பற்றிக் கேட்டீர். இந்தப் பாட்டை இன்னார் பாடினார் என்று போட்டால் போதாதா? மரியாதைதானே.

சட்டப்புத்தகம் (யாழ். திருநெல்வேலி):

நான் சட்டத்தரணி. ஆனால் இது கட்சிக்காரருக்குச் சொல்லும் ஆலோசனை அல்ல, பொதுவாகச் சொல்கிறேன்.

இலங்கையில் இதற்கு இருப்பது 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். ஒரு பாட்டை நாங்கள் ஒன்றாகக் கேட்கிறோம், சட்டம் அதைப் பிரித்துப் பார்க்கிறது. வரி எழுதியவருக்கு ஓர் உரிமை, மெட்டுப் போட்டவருக்கு ஒன்று, பாடினவருக்கும் வாசித்தவருக்கும் ஒன்று, ஒலிப்பதிவைத் தயாரித்த கம்பனிக்கு இன்னொன்று. எழுத்துக்கும் இசைக்கும் ஆக்கியவரின் ஆயுளும் அதற்குப் பிறகு 70 வருடமும். ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டிலிருந்து 50 வருடம். 'இந்தியப் பாட்டுத்தானே, இங்கே யார் கேட்பது' என்று சிலர் சொல்வார்கள். இரண்டு நாடும் பேர்ண் என்ற சர்வதேசப் பதிப்புரிமை உடன்படிக்கையில் இருக்கின்றன, இந்தியா 1928 முதல், இலங்கை 1959 முதல். அங்கே உரிமை இருந்தால் இங்கேயும் இருக்கிறது. பதிவு செய்திருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இனித் தம்பியின் விசயம். ஒருவர் தன் சொந்தத் தேவைக்கு, சட்டப்படி கையில் உள்ள பிரதியிலிருந்து, ஒரேயொரு பிரதி எடுக்க நமது சட்டம் இடம் கொடுக்கிறது. ஒன்றுதான், தனக்குத்தான். அந்தப் பொடியன் கொப்பி எடுத்த நிமிடமே அந்தக் கூரைக்கு வெளியே வந்துவிட்டீர்கள். சாமத்திய வீட்டில் பாடியதும் அப்படித்தான். குடும்பத்தையும் நெருங்கிய பழக்கத்தையும் தாண்டிய ஆட்கள் இருக்கும் இடம் என்றால் அது பொது நிகழ்ச்சி. அப்பா பாடியதற்காக யாரும் வழக்குப் போடப்போவதில்லை, அது வேறு கதை.

கடைக்காரர்மேல் முறையிடலாமா? அந்த 11-க்கு உங்களிடம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நீங்கள் வாசித்துப் பதிந்த ஒலிப்பதிவு அது, அதன் தயாரிப்பாளர் நீங்கள். ஆனால் மெட்டும் வரியும் உங்களுடையவை அல்ல. மற்ற 23-இல் உங்களுக்கு ஒரு துண்டும் சொந்தமில்லை. குரலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அந்தக் கம்பனியின் அதே ஒலிப்பதிவுதான். தெரிந்துகொண்டு விற்பனைக்குப் பிரதி செய்தால் முதல் தடவைக்கே 5 இலட்சம் ரூபா வரை தண்டம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முறைப்பாட்டில் கையெழுத்து வைக்கும்போது 'இந்த ட்ராக்கை நீர் எங்கேயிருந்து எடுத்தீர்?' என்ற கேள்வி உங்களிடம்தான் முதலில் வரும்.

ஓர்கன் தம்பி:

அக்கா, வயிற்றைக் கலக்குகிறது. அப்பாவுக்குப் பிடித்தது எல்லாம் பழைய பாட்டு. அறுபதுகளில் வந்த ரெக்கோட்டுக்கு 50 வருடம் முடிந்துவிட்டதே, அதையாவது சுதந்திரமாக எடுக்கலாமா?

சட்டப்புத்தகம்:

ஒலிப்பதிவுக்கு மட்டும் முடிந்திருக்கும். கண்ணதாசன் இறந்தது 1981-இல். இந்தியாவில் இறந்த பிறகு 60 வருடம், அந்தக் கணக்கில்கூட அவருடைய வரிகள் 2041 முடியும்வரை காவலில் இருக்கும். எம்.எஸ்.விஸ்வநாதன் 2015-இல்தான் போனார், மெட்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்களும் நானும் அதைக் கொண்டாட இருக்கமாட்டோம்.

பாரதியார் வரிகள் என்றால் பயமில்லை. 1921-இல் மறைந்தவர், 1949-இலேயே சென்னை அரசாங்கம் உரிமையை வாங்கி, பிறகு பொதுவாக்கிவிட்டது. ஆனால் பாரதி பாட்டுக்கு ஒரு படத்தில் யாரோ போட்ட மெட்டு பாரதியுடையது அல்ல. அந்த மெட்டில் ட்ராக் செய்தால் மெட்டுக்காரர் வந்து நிற்பார். தியாகராசர் கீர்த்தனைக்கு நீங்களே ஓர்கன் வாசித்தால் ஒருவரும் வரமாட்டார்கள்.

ஒலிபெருக்கி (சுன்னாகம்):

சவுண்ட் போடுகிறவன் என்ற முறையில் எங்கள் பக்கத்தையும் சொல்லவேண்டும். கலியாண வீட்டில் ஒவ்வொருவரும் பென்ட்ரைவை நீட்டுவார்கள். 'அப்பா 01' என்று இருந்தால் அது யாருடைய அப்பா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அது எங்கள் கணினியில் 'கரோக்கி புதுசு' என்ற ஃபோல்டருக்குள் போகும், பிறகு இன்னொருவன் கேட்பான், கொடுப்போம். ஒருவரும் கள்ளனில்லை, ஒருவருக்கும் பெயர் தெரியாது, அவ்வளவுதான். அந்தப் பொடியன் விற்றிருக்கமாட்டான் என்றுதான் நினைக்கிறேன்.

2017-இல் இளையராஜா எஸ்.பி.பி-க்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார், அமெரிக்கக் கச்சேரியில் தன் பாட்டை அனுமதியில்லாமல் பாடினார் என்று. பாடினவருக்கே அந்த நிலைமை என்றால் நாங்கள் எந்த மூலை.

மீசாலைப் பொடியன் (மீசாலை):

யூரியூப் பக்கம் எனக்கு அடி வாங்கிய அனுபவம் இருக்கிறது, சொல்கிறேன்.

குரல் உருவின ட்ராக்கை ஏற்றினால் அநேகமாக ஏற்றும்போதே பிடித்துவிடும். குரல் இல்லாவிட்டால் கண்டுபிடிக்காது என்று நினைத்தேன், வயலினை வைத்தே பிடித்தது. அதில் இரண்டு வகை இருக்கிறது, குழப்பக்கூடாது. 'உரிமை கோரல்' என்றால் காணொளி நிற்கும், விளம்பரக் காசு உரிமையாளருக்குப் போகும், சில வேளை சில நாடுகளில் தெரியாது. 'ஸ்ட்ரைக்' என்றால் காணொளியைத் தூக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். 90 நாளுக்குள் மூன்று வந்தால் சனலே போகும். எனக்கு இரண்டு வந்து, மூன்றாவதுக்குப் பயந்து இரவிரவாக எல்லாவற்றையும் அழித்தேன்.

கீழே 'உரிமை மீறும் நோக்கம் இல்லை, எல்லாப் புகழும் உரியவருக்கே' என்று எழுதுவார்களே, அதை ஒரு மெசினும் வாசிப்பதில்லை. முப்பது செக்கன் வரை எடுக்கலாம் என்பதும் கட்டுக்கதை.

தம்பி, இன்னொரு விசயம். எந்த மென்பொருளில் உருவினீர்கள்? பழைய பாட்டுகள் மோனோ, இடதிலும் வலதிலும் ஒரே ஒலிதான். இடது வலது கழித்துக் குரலை எடுக்கும் பழைய முறையில் போட்டால் பாட்டு முழுதும் காணாமல் போகும். ஸ்ப்ளீட்டர், டெமக்ஸ் மாதிரிப் புதியவை பரவாயில்லை. ஆனால் 'ச', 'ஷ' வரும் இடங்களில் பாடகரின் மூச்சு ஆவி மாதிரிப் பின்னால் நிற்கும்.

ஓர்கன் தம்பி:

டெமக்ஸ்தான். ஆவி நிற்கிறது, அப்பாவுக்கு அது பிடிக்கும். "அவர் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கு" என்பார்.

எனக்குத் தலைவலி கொடுத்தது வரிகள். முதலில் பழைய கணினியில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டினேன், ரீவியில் போட்டால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தது. யூனிகோடுக்கு மாற்றினேன். பிறகு அசை அசையாக நிறம் மாறவேண்டும் என்று வெட்டினால், 'பொற்பதங்கள்' என்பதில் 'ப' ஒரு பக்கம், கொம்பும் காலும் ஒரு புள்ளி வட்டத்தோடு இன்னொரு பக்கம். தமிழ் எழுத்தை நடுவால் பிளக்கிறது அந்த மென்பொருள். ஒரு பாட்டுக்கு மூன்று மணி நேரம் கையால் திருத்தினேன். கடையில் தொங்குவதைப் பார்த்தபோது கோபம் வந்தது அந்த மூன்று மணி நேரத்துக்குத்தான், சத்தியமாக.

இணுவில் மிருதங்கம் (இணுவில்):

'பொற்பதங்கள்' என்று கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'கற்பகவல்லி நின் பொற்பதங்கள்' பாட்டா? அதற்கு நீங்கள் என்ன பெயர் போட்டிருக்கிறீர்கள்?

ஓர்கன் தம்பி:

அதேதான். ஒன்பதாவது ட்ராக், நாய் குரைத்தது அதில்தான். பெயர் 'அப்பா 09'. கடைப் பென்ட்ரைவில் 'ரி.எம்.எஸ் பக்திப் பாடல்' என்று மாற்றியிருக்கிறார்கள்.

இணுவில் மிருதங்கம்:

நினைத்தேன். அந்தப் பாட்டை எழுதினவர் எங்கள் ஊர் வீரமணி ஐயர். இணுவிலில் பிறந்தவர், மயிலாப்பூர்க் கற்பகாம்பாள்மேல் எழுதினது. ரி.எம்.சௌந்தரராஜன் பாடி உலகமெல்லாம் போனது. இப்போது இணையத்தில் தேடிப் பாருங்கள், பாடினவர் பெயர் எல்லா இடத்திலும் இருக்கும், எழுதினவர் பெயர் பாதியில் இருக்காது. எங்கள் ஊர்க் கோயிலிலேயே ஒரு பிள்ளை அறிவித்தது, 'அடுத்து ரி.எம்.எஸ் எழுதிய பாடல்' என்று. ஐயர் வாழ்ந்த தெருவிலிருந்து ஒரு கூப்பிடு தூரம்.

நல்லூரண்ணை கேட்டாரே, பாடினவர் பெயர் போட்டால் போதாதா என்று. போதாது அண்ணை. இப்படித்தான் ஊர் மறக்கும். 'சின்ன மாமியே' நித்தி கனகரத்தினத்தின் பாட்டு. அதை ஏ.ஈ.மனோகரன் பெயரில் எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

கசெற் காலத்து ஆள்:

அது எனக்கே இன்றைக்குத்தான் தெரியும். எங்கள் வீட்டுக் கசெற்றில் நான் என் கையால் எழுதியது மனோகரன் என்று. ஒத்துக்கொள்கிறேன்.

சட்டப்புத்தகம்:

இணுவில் ஐயா சொன்னதற்குச் சட்டத்திலும் இடமிருக்கிறது. காசு சம்பந்தப்பட்ட உரிமை ஒரு பக்கம். அதற்கு வெளியே, ஆக்கியவரின் பெயர் பிரதியில் தெரியும்படி இருக்கவேண்டும், ஆக்கத்தைச் சிதைத்து அவர் பெயரைக் கெடுக்கக்கூடாது என்ற உரிமை ஒன்றும் உண்டு. பொருளாதார உரிமையை எழுதி விற்றுவிட்டாலும் இது அவரிடமே நிற்கும். வீரமணி ஐயர் மறைந்தது 2003-இல், ஆகவே 70 வருடக் கணக்கில் 2073 முடியும்வரை அவருடைய வரிகள் காவலில்தான்.

ஆனால் பாடகர் பெயர், படம் பற்றி ஒரு நுணுக்கம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தோடு கவர் பதிவுகளுக்கென்று ஒரு பிரிவு வந்தது. ஒரு பாட்டின் முதல் பதிவு வந்து ஐந்து வருடம் கழித்து, முன்கூட்டியே அறிவித்து, காசு கட்டி, இன்னொருவர் அதைப் புதிதாகப் பதிந்து விற்கலாம். வருடத்துக்குக் குறைந்தது 50,000 பிரதிக்குக் காசு கட்டவேண்டும், ஆகவே எங்களைப் போன்றவர்களுக்கு அது கிட்டவும் வராது. கவனிக்கவேண்டியது அதில் உள்ள லேபல் நிபந்தனை. முதல் பதிவில் பாடினவரின் பெயரோ, அவரைக் காட்டும் படமோ, அது வந்த சினிமாவின் பெயரோ உறையில் இருக்கக்கூடாது. 'இது கவர் பதிவு' என்று உறையிலேயே எழுதவேண்டும். காரணம், வாங்குகிறவன் ஏமாறக்கூடாது.

அந்தக் கடைப் பென்ட்ரைவைப் பாருங்கள். 'ஒரிஜினல்' என்ற சொல், பாடகர் படம், எழுதினவர் பெயர் இல்லை. எதைப் போடக்கூடாதோ அதை எல்லாம் போட்டு, எதைப் போடவேண்டுமோ அதை விட்டிருக்கிறார்கள்.

ஸ்காபரோ பனி (கனடா):

இங்கே எங்கள் ஊர்ச் சங்கக் கலைவிழாக்களில் நான்தான் கரோக்கி. பொது இடத்தில் பாட்டுப் போடுவதற்கு சோகான் என்ற அமைப்புக்குக் கட்டணம் போகவேண்டும், கரோக்கிக்கென்றே தனிக் கட்டணப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். காசு கட்டிவிட்டோம், எல்லாம் சரி என்று இருந்தேன். பிறகுதான் விளங்கியது, அது மேடையில் பாடுவதற்கு மட்டும். ட்ராக்கைப் பிரதி எடுத்து ஆட்களுக்குக் கொடுப்பதற்கும், வரிகளைத் திரையில் இசையோடு ஓட்டுவதற்கும் அது அனுமதி ஆகாது. அமெரிக்காவிலும் 1996-இல் ஒரு வழக்கில், சீடியில் பாட்டோடு வரி ஓடினால் சாதாரணப் பாட்டு அனுமதி போதாது என்று தீர்ப்பு வந்தது.

தம்பி, ஒரு யோசனை. பெயர் போடுவது நல்லது, ஆனால் பெயர் போட்டால் அனுமதி வாங்கினதாக ஆகாது. அடுத்த வீட்டு மாமரத்தில் 'இது சின்னம்மா வீட்டு மாம்பழம்' என்று எழுதிவிட்டுப் பறிக்கிற மாதிரி.

கசெற் காலத்து ஆள்:

அப்போ யாரிடம்தான் கேட்பது? கடிதம் எழுதினால் பதில் வருமா?

சட்டப்புத்தகம்:

பழைய சினிமா இசைத்தட்டுகளில் எச்.எம்.வி முத்திரை இருந்தால் அது இப்போது சரிகம. மற்றவற்றுக்கு உறையில் உள்ள கம்பனியிடமிருந்து தொடங்கவேண்டும். ஊர்ப் பாட்டுகளுக்கு எழுதினவரின் குடும்பத்தைக் கேட்கலாம், யாழ்ப்பாணத்தில் அது ஒரு ரெலிபோன் கோலில் முடிகிற காரியம்.

மீசாலைப் பொடியன்:

லேபலைப் பற்றி ஒரு சின்னத் தொழில்நுட்ப விசயம். ஃபைலின் பெயரை யாரும் ஒரு நொடியில் மாற்றிவிடுவான், கடைக்காரர் மாற்றின மாதிரி. எம்பி3 ஃபைலுக்குள்ளேயே பாடலாசிரியர், இசையமைப்பாளர், உரிமை என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன, அதை நிரப்புங்கள். அதையும் அழிக்கலாம்தான், ஆனால் மினக்கெடமாட்டார்கள். அதைவிட நல்லது, பாட்டுத் தொடங்குமுன் வரி ஓடும் திரையிலேயே ஐந்து செக்கன் பெயர்களைக் காட்டுவது. அதை வெட்டினால் தாள எண்ணிக்கை பிழைக்கும், பாடுகிறவன் தடுமாறுவான்.

ஓர்கன் தம்பி:

மூன்று நாள் கழித்து வருகிறேன். கடைக்குப் போனேன். சண்டை பிடிக்கத்தான் போனேன், அக்கா எழுதியதை நினைத்து வாசலிலேயே பாதிக் கோபம் இறங்கிவிட்டது. கடைக்காரர் வயதானவர். ஒன்பதாவதைப் போட்டுக் காட்டி, "ஐயா, குரைக்கிறது எங்கட நாய்" என்றேன். இரண்டு தரம் திருப்பிப் போட்டுக் கேட்டார். "தம்பி, ஒரு பேரும் இல்லாமல் வந்தது. ஆற்றையோ எண்டு போட்டன்" என்றார். மிச்சம் ஆறு பென்ட்ரைவ் இருந்தன, மட்டையிலிருந்து கழற்றி என் முன்னாலேயே அழித்தார். விற்றது எத்தனை என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சாமத்திய வீட்டில் தலையாட்டினவன் நான்தானே.

யூரியூப் எண்ணத்தை விட்டுவிட்டேன். உருவின 23-ம் இனி அப்பாவின் அறையை விட்டு வெளியே போகாது, பென்ட்ரைவிலும் ஏற்றமாட்டேன். வாசித்த 11-க்கு மட்டும் முகப்புத் திரை செய்தேன். எழுதினவர், மெட்டுப் போட்டவர் பெயர் பெரிதாக. கீழே 'வீட்டில் மறுபடி வாசித்துப் பதிந்தது, மூலப் பதிவு அல்ல, வீட்டுப் பாவனைக்கு மட்டும்'. பாடகர் பெயரைப் போடவில்லை. அப்பாவுக்கு அது பெரிய மனவருத்தம், இரண்டு நாள் கதைக்கவில்லை. ரி.எம்.எஸ் பெயரில்லாமல் அந்தப் பாட்டா என்று. பிறகு வீரமணி ஐயர் பெயரைத் திரையில் கண்டுவிட்டு, "இவரை நான் நேரில கண்டிருக்கிறன்" என்று தொடங்கி ஒரு மணி நேரம் கதை. அன்றைக்குப் பாடவேயில்லை.

இணுவில் மிருதங்கம்:

சந்தோசம் தம்பி. நாயை எடுத்துவிட்டீர்களா?

ஓர்கன் தம்பி:

இல்லை ஐயா. அது இருக்கட்டும், அடையாளம்.

ஒலிபெருக்கி:

தம்பி, அந்த ஒன்பதாவதை அரைக் கட்டை இறக்கித் தர ஏலுமா? எங்கள் அம்மாவுக்கு மேலே எட்டாது. வெள்ளிக்கிழமைகளில் பாடுவா, வீட்டில்தான்.

ஓர்கன் தம்பி:

இறக்கலாம் அண்ணை, ஓர்கனில் ஒரு பொத்தான்தானே. ஆனால் ஃபைல் அனுப்பமாட்டேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வாங்கோ, நான் வாசிக்கிறேன். நாய் கட்டித்தான் இருக்கும்.